ஸ்போர்ட்ஸ் காரில் ஹைப்ரிட்: வேகத்துக்கா, கிராம் கணக்குக்கா?

இரட்டைக்கிளட்ச்

புது பிஎம்டபிள்யூ எம்5 ஹைப்ரிட்டாக, அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து, வந்ததிலிருந்து எங்கே போனாலும் ஒரே புலம்பல். 727 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர் என்று விளம்பரத்தில் எல்லாம் அமோகம். ஆனால் எடை 2,400 கிலோவைத் தாண்டிவிட்டது. 0-விலிருந்து 100-க்கு 3.5 விநாடி. முந்தைய எம்5 காம்படிஷன் 625 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு 3.3 விநாடியில் முடித்த வேலை அது. நூறு குதிரைகளைக் கூடுதலாகப் பூட்டியும் தேர் மெதுவாகத்தான் நகர்கிறது.

அதே 2024-ல் போர்ஷே 911 ஜிடிஎஸ் டி-ஹைப்ரிட் வந்தது. அதற்கும் ஹைப்ரிட் என்றுதான் பெயர். கூடிய எடை சுமார் 50 கிலோ. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் முந்தைய ஜிடிஎஸ்ஸை விட 8.7 விநாடி குறைவாக எடுத்துக்கொண்டது.

"ஹைப்ரிட் வந்து நல்ல காரையெல்லாம் கெடுத்துவிட்டது" என்று மொத்தமாகத் திட்டுபவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். என் கட்சி இதுதான்: கெடுப்பது மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. சான்றிதழில் கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு காட்ட வேண்டும் என்ற கணக்குதான். எம்5-ல் இருக்கும் 18.6 கிலோவாட் மணி பேட்டரி சோதனைக்கூடத்துக்காக வந்தது. 911-ல் இருக்கும் 1.9 கிலோவாட் மணி பேட்டரி எஞ்சினுக்காக வந்தது. மறுப்பவர்கள் வரலாம்.

வி8பக்தன்

எம்5-ஆவது பரவால்ல பாஸ், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினை விட்டு வச்சான். மெர்சிடிஸ் சி63-ஐ என்ன பண்ணாங்க? நாலு லிட்டர் வி8-ஐத் தூக்கிட்டு 2 லிட்டர் நாலு சிலிண்டர். 680 குதிரைத்திறன்னு போட்டிருக்கான், ஆனா ஸ்டார்ட் பண்ணா மிக்ஸி சத்தம். எடை 2,100 கிலோ. பிளக்குல போட்டு சார்ஜ் பண்ணா கரண்ட்ல எவ்வளவு தூரம் போகும்? 13 கிலோமீட்டர்! அதுக்கு எதுக்கு பிளக்கு?

இரட்டைக்கிளட்ச்

சி63-ஐ அப்படி ஒரேயடியாக ஒதுக்க முடியாது. அந்த 6.1 கிலோவாட் மணி பேட்டரியில் 560 செல்கள். ஒவ்வொரு செல்லையும் மின்சாரம் கடத்தாத திரவம் நேரடியாகத் தொட்டுக் குளிர்விக்கிறது. அந்தத் திரவமே சுமார் 14 லிட்டர். எதற்கு இவ்வளவு? வேகமாக நிரப்பி வேகமாகக் கொட்ட. பந்தயப் பாதையில் பிரேக் பிடிக்கும்போது நிறைந்து, வளைவு முடிந்ததும் காலியாகும். பின்னச்சில் இருக்கும் மோட்டார் 150 கிலோவாட் வரை தரும், அதுவும் 10 விநாடிக்கு மட்டும். பொறியியலாகப் பார்த்தால் எனக்கு அது எம்5-ஐ விட நேர்மையான வேலை. ஆனால் அந்தப் பெயரில் வந்திருக்கக் கூடாத கார், அதை ஒத்துக்கொள்கிறேன்.

வி8பக்தன்

அப்பாடா, ஒண்ணுலயாவது ஒத்துப்போறீங்களே.

கணக்குப்பிள்ளை

நண்பர் சொல்லும் "கிராம் கணக்கு" எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இது தெரியாமல் விவாதித்தால் சத்தம்தான் மிஞ்சும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 முதல் 2024 வரை ஒரு நிறுவனம் விற்கும் புதுக் கார்களின் சராசரி, கிலோமீட்டருக்கு 95 கிராம் கார்பன் டை ஆக்சைடு என்ற இலக்கை ஒட்டி இருக்க வேண்டியிருந்தது. கார்களின் எடையைப் பொறுத்து நிறுவனத்துக்கு நிறுவனம் இலக்கு கொஞ்சம் மாறும். தாண்டினால் ஒவ்வொரு கிராமுக்கும் 95 யூரோ, அதை விற்ற ஒவ்வொரு காராலும் பெருக்க வேண்டும்.

எல்லையில் நிற்கும் ஒரு நிறுவனம் 250 கிராம் விடும் வி8 ஒன்றைக் கூடுதலாக விற்கிறது என்று வையுங்கள். அந்த ஒரு காரால் ஏறும் சுமை 155 பெருக்கல் 95, அதாவது 14,725 யூரோ. அதே காரில் பெரிய பேட்டரியையும் பிளக்கையும் வைத்து 40 கிராம் என்று சான்று வாங்கினால் அந்தச் சுமை போவதோடு 55 கிராம் மிச்சமும் ஆகிறது. அந்த மிச்சத்தில் இன்னொரு கனமான எஸ்யூவியை விற்றுக்கொள்ளலாம். 2020-ல் இன்னொரு சலுகையும் இருந்தது: 50 கிராமுக்குக் கீழே இருக்கும் ஒரு காரை இரண்டாக எண்ணிக்கொள்ளலாம்.

சரி, 2,400 கிலோ கார் எப்படி 40 கிராம் காட்டும்? ஐரோப்பாவில் கார்களுக்குச் சான்று தந்த பழைய என்இடிசி என்ற சோதனையின் சூத்திரத்தைப் பாருங்கள். நிறைந்த பேட்டரியோடு ஓர் ஓட்டம், காலிப் பேட்டரியோடு ஓர் ஓட்டம். இரண்டுக்கும் சராசரி எடுக்கும்போது, பேட்டரி தீர்ந்த பிறகு ஓட்டுபவர் 25 கிலோமீட்டர் மட்டுமே எஞ்சினில் போவார், உடனே சமர்த்தாகப் பிளக்கைச் செருகிவிடுவார் என்று வைத்துக்கொண்டார்கள். கார் மின்சாரத்திலேயே 25 கிலோமீட்டர் போனால் புகை பாதியாகிவிடும். 50 கிலோமீட்டர் போனால் மூன்றில் ஒரு பங்கு. 4.6 லிட்டர் வி8-ஓடு 887 குதிரைத்திறன் தரும் போர்ஷே 918 ஸ்பைடர், சுமார் 70 கிராம் என்று சிறிய ஹேட்ச்பேக்குகளையே வெட்கப்பட வைத்தது இந்தச் சூத்திரத்தின் புண்ணியத்தில்தான்.

அதற்குப் பின் வந்த டபிள்யூஎல்டிபி என்ற சோதனையில் சூத்திரம் மாறியது, அனுமானத்தின் குணம் மாறவில்லை. மக்கள் தினமும் சார்ஜ் செய்வார்கள் என்ற நம்பிக்கையின் மேல்தான் அதுவும் நிற்கிறது.

பச்சைவிளக்கு

கணக்குப்பிள்ளை சொன்னதெல்லாம் சரி. ஆனால் இழை போகும் திசை எனக்குப் பிடிக்கவில்லை. "விதி கெடுத்தது" என்கிறீர்கள். விதி இருந்தபோதே இவர்கள் என்ன கிழித்தார்கள்? சோதனைக்கூடத்தில் ஒரு புகை, சாலையில் ஒரு புகை என்று மென்பொருள் எழுதிய ஃபோக்ஸ்வாகன் 2015-ல் மாட்டியதே, மறந்துவிட்டதா?

இன்னொன்று. தினமும் சார்ஜ் செய்பவர்களும் இருக்கிறார்கள். வேலைக்குப் போக, குழந்தையைப் பள்ளியில் விட, வாரம் முழுக்க ஒரு சொட்டு பெட்ரோல் எரிக்காமல் ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கு அந்தப் பெரிய பேட்டரி பொய் இல்லை.

கணக்குப்பிள்ளை

இருக்கிறார்கள். எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. காருக்குள்ளேயே எரிபொருள் அளவைப் பதிவு செய்யும் கருவியை ஐரோப்பாவில் 2021 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். அந்தத் தரவை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024-ல் அறிக்கை வெளியிட்டது. சாதா பெட்ரோல், டீசல் கார்கள் சான்றிதழை விட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாக எரிக்கின்றன. பிளக்கில் சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைப்ரிட்களோ சான்றிதழில் உள்ளதைப் போல 3.5 மடங்கு. இது ஆணையமே வெளியிட்ட எண்.

பச்சைவிளக்கு

அந்த எண்ணை வைத்துத்தானே விதியைத் திருத்தினார்கள்? அதையும் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

சொல்கிறேன். மின்சாரத்தில் போகும் பங்கைத் தீர்மானிக்கும் வளைகோட்டில் 800 கிலோமீட்டர் என்று ஒரு மாறிலி இருந்தது. 2025 முதல் அது 2,200. அடுத்த கட்டமாக 2027-ல் 4,260. எண் பெரிதாகப் பெரிதாக, கார் மின்சாரத்தில் ஓடுவதாக எடுத்துக்கொள்ளும் பங்கு சுருங்கும். 45 கிராம் என்று சான்று வாங்கிய ஒரு சிறிய எஸ்யூவி முதல் திருத்தத்தில் 96-க்கும் இரண்டாவதில் 122-க்கும் போகிறது. காரில் ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை.

பணிமனைவாசி

நீங்க எல்லாம் கார்பன் கணக்கு பேசுறீங்க. நான் லிஃப்டுக்குக் கீழ நின்னு பார்க்கிறவன். ஒரு விஷயம் சொல்றேன், எந்த விளம்பரத்துலயும் வராது.

பிளக்-இன் கார் காலையில கரண்ட்ல கிளம்பும். எஞ்சின் பச்சத் தண்ணியா இருக்கும், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அப்படியே. கன்வெர்ட்டர் ஒழுங்கா வேலை செய்ய முந்நூறு டிகிரி பக்கத்துல சூடு வேணும். நம்மாளு நெடுஞ்சாலையில ஏறினதும் லாரியை முந்தணும்னு ஆக்ஸிலேட்டரைத் தரையோட மிதிக்கிறான். அப்பத்தான் எஞ்சின் முதல் தடவையா எந்திரிக்குது, எந்திரிச்ச உடனே முழு பாரம். எண்ணெய் இன்னும் சூடாகல, கன்வெர்ட்டர் தூங்குது, வர்ற புகை அப்படியே வெளிய போகுது. சாதா வண்டியில ஐடில்ல நின்னு மெதுவா சூடேறும். இங்க அந்த அவகாசமே இல்ல.

இதுக்கு வழி இல்லாம இல்ல. கன்வெர்ட்டரைக் கரண்ட்ல சூடாக்குற அமைப்பு இருக்கு. ஆனா போட்டா காசு, போடலைன்னா சான்றிதழ் கிடைக்காமப் போயிடாதுன்னா எத்தனை பேர் போடுவான்?

வி8பக்தன்

அண்ணே, இது புதுசா இருக்கே. அப்ப எஞ்சின் ஆயுசு?

பணிமனைவாசி

வடிவமைச்சவன் முட்டாள் இல்ல தம்பி. பேரிங், எண்ணெய் பம்ப் எல்லாம் அதுக்கேத்த மாதிரி பண்ணியிருப்பான், குளிர்ந்த எஞ்சினுக்கு பவரையும் கொஞ்சம் கட்டுப்படுத்துவான். ஆனா குட்டிக் குட்டிப் பயணம் மட்டுமே ஓடுற வண்டியில எண்ணெயோட பெட்ரோலும் தண்ணியும் கலந்து கிடக்கிறதைப் பார்த்திருக்கேன். எஞ்சின் சூடாகி அதை ஆவியாக்கவே நேரம் கிடைக்கல.

இரட்டைக்கிளட்ச்

அண்ணன் சொன்னது நான் சொல்ல வந்ததற்கு நேராக வழி விடுகிறது. 911-க்கு வருகிறேன்.

டர்போ என்பது வெளியேறும் புகையால் ஒரு டர்பைனைச் சுழற்றி, அதே தண்டில் இருக்கும் கம்ப்ரஸரால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. டர்போ பெட்ரோல் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினால் புகைபோக்கிப் பக்கம் வெப்பம் எகிறும். டர்பைன் உருகாமல் இருக்க, காலம் காலமாக எல்லோரும் செய்த வேலை, தேவைக்கு மேல் பெட்ரோலை உள்ளே ஊற்றுவது. எரியாத பெட்ரோல் ஆவியாகி வெப்பத்தைக் குறைக்கும். எரிபொருளையே குளிரூட்டியாகப் பயன்படுத்துவது என்றால் இதுதான். விளைவு? கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்ய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் வேண்டும். பொறியாளர்கள் லாம்டா 1 என்பார்கள். அதை விட்டு விலகினதும் கார்பன் மோனாக்சைடும் புகைத்துகளும் தாராளமாக வெளியேறும்.

இந்தப் பழக்கத்துக்கு இனிமேல் இடம் இல்லை என்று விதிகள் இறுகி வருகின்றன. போர்ஷே என்ன செய்தது? எஞ்சினின் முழு வேக வரம்பிலும் லாம்டா 1-லேயே ஓட வைத்தது. அப்படி ஓட்டினால் திறன் குறையும். ஈடுகட்ட 3.0 லிட்டரை 3.6 ஆக்கியது. இரண்டு டர்போவுக்குப் பதில் ஒரே ஒரு பெரிய டர்போ. பெரிய டர்போ சுழல நேரம் எடுக்குமே? அதன் தண்டிலேயே, கம்ப்ரஸருக்கும் டர்பைனுக்கும் நடுவில், ஒரு மின்மோட்டார். மிதித்ததும் மோட்டார் சுழற்றிவிடும், காத்திருக்க வேண்டாம்.

எனக்குப் பிடித்த இடம் இனிதான். புகை அழுத்தம் மிதமிஞ்சும்போது சாதா டர்போவில் வேஸ்ட்கேட் திறந்து அதை வெளியே விட்டுவிடும், அதாவது வீண். இங்கே வேஸ்ட்கேட்டே கிடையாது. அதே மோட்டார் டைனமோவாக மாறி 11 கிலோவாட் வரை மின்சாரம் எடுக்கிறது. அந்த மின்சாரம் பேட்டரிக்கோ கியர்பாக்ஸுக்குள் இருக்கும் 40 கிலோவாட் மோட்டாருக்கோ போகிறது. வீணாய்ப் போன புகை சக்கரத்தைத் தள்ளுகிறது. மொத்தம் 541 குதிரைத்திறன். ஏசி கம்ப்ரஸரை மின்சாரம் ஓட்டுவதால் பெல்ட்டும் போய், எஞ்சின் 110 மில்லிமீட்டர் உயரம் குறைந்தது. பவர் எலக்ட்ரானிக்ஸ் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பிளக் இல்லை. மின்சாரத்தில் மட்டும் ஊர் சுற்றும் வசதியும் இல்லை.

இதுவும் ஒழுங்குவிதியால் பிறந்த கார்தான், பச்சைவிளக்கு. நான் விதிக்கு எதிரி இல்லை. புகைக்குழாயின் முனையில் என்ன வருகிறது என்று கேட்ட விதி இந்த எஞ்சினைத் தந்தது. சராசரியை எப்படிக் காட்டுகிறாய் என்று கேட்ட விதி 2,400 கிலோ எம்5-ஐத் தந்தது.

வி8பக்தன்

இந்த டர்போ டைனமோ ஃபார்முலா 1 (எஃப்1) பந்தயக் கார்ல இருந்த எம்ஜியு-எச் தானே?

இரட்டைக்கிளட்ச்

அதேதான். 2014-லிருந்து இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அது சாலைக்கு வந்து சேர்ந்த நேரத்தில் எஃப்1 அதைக் கைவிட்டுவிட்டது. 2026 விதியில் எம்ஜியு-எச் இல்லை. அதற்குப் பதில், பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் சேர்த்து எஞ்சினுக்குத் துணை நிற்கும் எம்ஜியு-கே மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350-க்கு ஏறிவிட்டது.

வி8பக்தன்

அதனாலதான் நேர்ப்பாதை முடியுறதுக்குள்ள பேட்டரி தீர்ந்து...

மட்டுறுத்துநர்

எஃப்1 2026-க்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போய்ச் சண்டை போடவும்.

வி8பக்தன்

சரி சரி. ஆனா ஒண்ணு சொல்லிக்கிறேன். 2013-ல வந்த மூணு பேரு, 918, மெக்லாரன் பி1, லாஃபெராரி. அதெல்லாமும் ஹைப்ரிட்தான், அதை யாரும் திட்டலையே. ஏன்? லாஃபெராரில பிளக்கே கிடையாது. 6.3 லிட்டர் வி12, கூட ஒரு மோட்டார், 963 குதிரைத்திறன். பி1-ல மோட்டாரு டர்போ எந்திரிக்கிற வரைக்கும் உள்ள ஓட்டையை அடைக்கும். கேட்டா கிடைக்கும், அவ்வளவுதான். அப்ப ஹைப்ரிட்னா காருக்கு ஏதோ கூடச் சேர்ந்துச்சு. இப்ப ஹைப்ரிட்னா காருல இருந்து ஏதோ போயிடுச்சுன்னு அர்த்தம்.

பச்சைவிளக்கு

அந்த மூன்றில் 918-ஐ மட்டும் 918 கார்கள் செய்தார்கள், பி1 375, லாஃபெராரி சுமார் 500. கோடீஸ்வரர்களின் பொம்மை. அதை அளவுகோலாக வைத்து, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் விற்கும் எம்5-ஐப் பேச முடியாது. சின்ன நிறுவனங்களுக்கு விதியிலேயே சலுகை இருக்கிறது: ஆண்டுக்கு 1,000 காருக்குக் கீழே பதிவு செய்தால் இலக்கே கிடையாது. 10,000 வரை தனி இலக்கு கேட்டு வாங்கலாம். 2035 முடிய அந்த வழியை நீட்டியபோது "ஃபெராரி திருத்தம்" என்றே பெயர் வைத்தார்கள்.

இரட்டைக்கிளட்ச், உங்கள் வாதத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு விதி என்று பிரித்தீர்கள். புகைத்துகள் வேறு, கார்பன் வேறு. 911 லாம்டா 1-ல் ஓடினால் நகரத்துக் காற்று நன்றாக இருக்கும், சந்தோஷம். பூமி சூடாவதற்கு அந்தக் கார் என்ன செய்தது? 3.6 லிட்டர் எரிகிறது, எரிந்த பெட்ரோலில் இருக்கும் கார்பன் ஏறக்குறைய முழுக்க கார்பன் டை ஆக்சைடாகிறது. சராசரி விதி வேண்டாம் என்றால் கார்பனை எதை வைத்துக் கட்டுப்படுத்துவீர்கள்?

இரட்டைக்கிளட்ச்

நியாயமான கேள்வி. 911 பூமியைக் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. கார்பனுக்கு எரிபொருளின் மேல் வரி போடுங்கள். எரித்தவன் எரித்த அளவுக்குக் கட்டட்டும். அதில் பொய்ச் சூத்திரம் எழுத முடியாது.

பச்சைவிளக்கு

எந்த அரசு அந்த அளவுக்குப் பெட்ரோல் வரி ஏற்றிவிட்டு மறுதேர்தலில் நிற்கும்? நடக்காத நல்ல விதியைக் காட்டி, நடக்கிற அரைகுறை விதியை ஒதுக்குவது வாகன நிறுவனங்களுக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு. அதுவும் எரிபொருள் வரி ஏறினால் 911 வாங்குகிறவருக்கு அது உறைக்கவே உறைக்காது, பழைய ஹேட்ச்பேக் வைத்திருப்பவருக்குத்தான் உறைக்கும்.

கணக்குப்பிள்ளை

இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தை. சராசரி விதியில் விளையாட்டு இன்று தொடங்கியது அல்ல. 2011-ல் ஆஸ்டன் மார்ட்டின், டொயோட்டா ஐக்யூ என்ற குட்டிக் காருக்குத் தோல் சீட்டும் தன் கிரில்லும் மாட்டி சிக்னெட் என்று விற்றது. சராசரியைக் குறைக்கத்தான் என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். 2013-ல் நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு கார் செய்யவேண்டிய சிரமமும் இல்லாமல் போனது: 2019-ல் ஃபியட் கிரைஸ்லர் டெஸ்லாவுக்குப் பணம் கொடுத்து, டெஸ்லாவின் பூஜ்ய கிராம் கார்களைத் தன் சராசரியில் சேர்த்துக்கொண்டது. சட்டப்படி சரி.

எடைக் கணக்கையும் பாருங்கள். 2024 வரை, நிறுவனத்தின் சராசரி எடை 100 கிலோ கூடினால் இலக்கு 3.33 கிராம் தளர்ந்தது. கனமான கார் செய்பவருக்குப் பரிசு. மறுபக்கம் சுசுகி ஜிம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னஞ்சிறு கார். புகைக் கணக்கில் தேறாமல் ஐரோப்பாவில் 2020-ல் பயணிகள் காராக விற்பது நின்று, பின் சீட்டைக் கழற்றிய சரக்கு வண்டியாகத் திரும்பி வந்தது.

இரட்டைக்கிளட்ச்

திருத்தம் வந்துவிட்டதே என்றார் பச்சைவிளக்கு. அந்தத் திருத்தம் எங்கே கொண்டுபோகும் என்று யோசித்தீர்களா? மாறிலி 4,260 ஆனதும், பழைய கிராமைத் திரும்பக் காட்ட நிறுவனத்துக்கு ஒரே குறுக்கு வழி, மின்சாரத்தில் போகும் தூரத்தைக் கூட்டுவது. அதாவது இன்னும் பெரிய பேட்டரி, இன்னும் எடை. இன்றைய 18.6 நாளைக்கு 30 ஆகும்.

பச்சைவிளக்கு

அல்லது பிளக்-இன்னே வேண்டாம் என்று முழு மின்கார் பக்கம் போவார்கள். 120 கிராம் காட்டும் பிளக்-இன்னால் யாருக்கு லாபம்? நீங்கள் பயப்படுவதை விட நான் எதிர்பார்ப்பதுதான் மலிவான வழி. 30 கிலோவாட் மணி பேட்டரியும் வி8-ம் கியர்பாக்ஸும் ஒரே உடம்பில் திணிப்பது யாருக்கும் கட்டுப்படி ஆகாது.

கணக்குப்பிள்ளை

மூன்றாவது வழியும் திறந்திருக்கிறது, அரசியல் வழி. 2035-ல் புதுக் கார்களின் கார்பன் டை ஆக்சைடில் 100 சதவீதக் குறைப்பு என்று 2023-ல் சட்டமாக்கியதை 90 சதவீதமாக்கலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் முன்மொழிந்தது. 2025-க்கான இலக்கையும் மூன்று ஆண்டு சராசரியாகக் கட்டிக்கொள்ளலாம் என்று அதற்கு முன்பே தளர்த்தியாகிவிட்டது. அமெரிக்காவில் கஃபே எரிபொருள் சிக்கன விதி 1975-ல் வந்த சட்டத்தால் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் 2025 ஜூலையில் மீறினால் அபராதம் பூஜ்யம் டாலர் என்று ஆக்கிவிட்டார்கள்.

வி8பக்தன்

பூஜ்யம் டாலர் அபராதம்! இதுக்கு சட்டத்தையே எடுத்துட்டுப் போயிருக்கலாம்.

ஆனா பாருங்க, அதே அமெரிக்கால கார்வெட் இ-ரே 2023-ல வந்துச்சு. 6.2 லிட்டர் வி8 பின்னாடி, முன் சக்கரத்துக்கு 160 குதிரை மோட்டார், 1.9 கிலோவாட் மணி பேட்டரி, பிளக் இல்ல. நாலு சக்கரமும் பிடிக்குது, அவ்வளவுதான் நோக்கம். எந்தச் சூத்திரத்துக்காகவும் செஞ்சதில்ல. சின்ன பேட்டரிக் கட்சில என்னையும் சேர்த்துக்கங்க இரட்டைக்கிளட்ச்.

புதுமுகம்

வணக்கம். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய பிளக்-இன் ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்றை வாங்கும் யோசனை. வீட்டில் சார்ஜ் செய்ய வசதி உண்டு. பணிமனைவாசி அண்ணன் எதைப் பார்த்து வாங்கச் சொல்வார்?

பணிமனைவாசி

முதல்ல டிக்கியைத் திற தம்பி. சார்ஜிங் கேபிள் எங்கன்னு கேளு. பிளாஸ்டிக் உறையே பிரிக்காம புதுசா இருந்தா, அந்த வண்டி ஒரு நாளும் சார்ஜ் ஏறலைன்னு தெரிஞ்சுக்க. பேட்டரிக்கு அதனால பெரிய சேதம் இருக்காது. ஆனா 200 கிலோவைச் சும்மா சுமந்துக்கிட்டு எஞ்சின்தான் எல்லா வேலையும் பார்த்திருக்கும். அந்த எஞ்சினைச் சாதா வண்டி மாதிரி நினைச்சுப் பரிசோதி.

ஒழுங்கா சார்ஜ் பண்ணி ஓட்டினதா இருந்தா வேற பட்டியல். எண்ணெய் மாத்தினது கிலோமீட்டர் கணக்குலயா, மாசக் கணக்குலயான்னு பாரு. மாசக் கணக்குல மாத்தியிருந்தா நல்ல கை. பின் பிரேக் டிஸ்க்கைக் கண்ணால பாரு. மோட்டாரே வேகத்தைக் குறைச்சிடுறதால பேடு தேயாது, டிஸ்க் துருப்பிடிச்சுக் கிடக்கும். பேட்டரி நல நிலை அறிக்கையை ஸ்கேனர்ல எடுத்துக் கொடுக்கச் சொல்லு, வாய் வார்த்தை வேணாம். கூலன்ட் எந்த லூப்ல கசிவு இருந்தாலும் விட்டுட்டு வந்துடு. ஆரஞ்சு கலர் ஒயர்ல, அது உயர் மின்னழுத்த ஒயர், டேப் சுத்தியிருந்தா பேரமே பேசாதே.

புதுமுகம்

நன்றி அண்ணா. கேபிளைக் கேட்டேன். "அது எங்கயோ இருக்கும் சார், தேடித் தர்றேன்" என்கிறார் விற்பவர்.

வி8பக்தன்

வாங்காதீங்க. வி8 வாங்குங்க.

பணிமனைவாசி

விலையைக் குறைச்சுக் கேளு. கேபிள் புதுசா கிடைக்கும்.